எஸ்டிமேட்டில் தூசிக்கும் ஒரு வரி வேண்டும்



பதிவு கொஞ்சம் நீளம். ஓடாவி வேலை செய்கிற தம்பிமார், அவர்களிடம் வேலை கொடுக்கிற வீட்டுக்காரர்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் பழைய மாணவர் சங்கத்திலும் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருக்கிற பெரியவர்கள் எல்லோரும் நேரம் கிடைக்கும்போது கடைசிவரை வாசித்துவிடுங்கள்.

தவணை விடுமுறை வந்தால் பாடசாலைகளில் தளபாடம் திருத்துகிற வேலை தொடங்கிவிடும். ஆடுகிற மேசைக்குக் கால் இறுக்குவது, கதிரைக்குப் பலகை மாற்றுவது, பழைய பெயின்டை எடுத்துவிட்டுப் புதிதாக அடிப்பது என்று பழைய மாணவர்கள் சிரமதானமாக வந்து நிற்பார்கள். ரமழான் நெருங்கினால் வீடுகளில் கதவு, ஜன்னல், கட்டில், அலுமாரி எல்லாம் பொலிஷ் காணும். நல்ல பழக்கம். இருக்கிற பொருளைத் திருத்திப் பாவிப்பது வீண்விரயத்தைத் தடுக்கும்.

இந்த வேலைகளுக்குள் இப்போது ஒரு சின்ன மெசின் வந்து சேர்ந்திருக்கிறது. ஹார்ட்வெயார் கடைகளில் ‘ஓர்பிட்டல் சாண்டர்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். கைக்குள் அடங்கும். அடியில் 5 அங்குல வட்டத் தட்டு இருக்கும். அதில் வெல்க்ரோ மாதிரி ஒட்டிக்கொள்ளும் சாண்ட் பேப்பரைப் போட்டு மரத்தில் வைத்தால், ஒரு நாள் முழுக்கக் கையால் தேய்க்க வேண்டிய கதவை மிகக் குறைந்த நேரத்தில் தேய்த்துவிடலாம். இந்த மெசினை நாம் எதிர்க்கவில்லை. தோள்மூட்டு தேய்ந்துபோன எத்தனையோ ஓடாவிமாருக்கு இது பெரிய உதவி.

நாம் பேச வந்தது அந்த மெசினிலிருந்து பறக்கிற தூசியைப் பற்றி. அந்தத் தூசி யாருடைய நெஞ்சுக்குள் போகிறது என்பதைப் பற்றி.

எந்தப் பட்டறையிலும் புதிதாகச் சேர்கிற பொடியனுக்கு முதலில் கொடுக்கப்படுகிற வேலை எது என்று யோசித்துப் பாருங்கள். வாள் கொடுக்கமாட்டார்கள், பலகை வீணாகிவிடும். உளி கொடுக்கமாட்டார்கள், பொருத்து பிழைத்துவிடும். ‘இந்தா தம்பி, இதைத் தேய்’ என்று சாண்டரைத்தான் கொடுப்பார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரைக்கும் வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்று பட்டறைக்குப் போகிற எமது மாணவர்கள் பலருக்குக் கிடைக்கிற வேலை இதுதான். ஆகக் குறைந்த அனுபவமும் ஆகக் குறைந்த சம்பளமும் உள்ளவன், ஆகக் கூடிய தூசியில் நிற்கிறான். முகத்தில் ஒரு பழைய துணி. சில இடங்களில் அதுவும் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத தூசிதான் ஆபத்து

வாளால் அறுக்கும்போது விழுகிற மரத்தூள் பெரியது. அது கீழே விழும், கூட்டி அள்ளிவிடலாம். சாண்டரிலிருந்து வருவது அப்படியல்ல. பேப்பர் நைசாக நைசாகத் தூசியும் நைசாகும். எமது தலைமயிர் ஒன்றின் தடிப்பு சுமார் 70 மைக்ரோன். 10 மைக்ரோனுக்குக் குறைந்த துகள்கள் மூக்கையும் தொண்டையையும் தாண்டி உள்ளே போகக்கூடியவை. அவை உடனே கீழே விழுவதுமில்லை. மெசினை நிறுத்திய பிறகும் நீண்ட நேரம் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். ‘வேலை முடிந்துவிட்டது’ என்று முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுத் தேநீர் குடிக்கிற நேரத்தில் அதைத்தான் சுவாசிக்கிறோம்.

மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் உள்ள சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995ஆம் ஆண்டிலேயே முதலாம் தொகுதியில் சேர்த்துவிட்டது. புகையிலைப் புகையும் அதே தொகுதியில்தான் இருக்கிறது. மரத்தூசி முக்கியமாகத் தாக்குவது மூக்கின் உட்பகுதியையும் அதைச் சுற்றியுள்ள எலும்பறைகளையும். அது பல வருடம் தூசியில் நின்றவர்களுக்கு வருவது. அதற்கு முன்னரே வருபவை தும்மல், கண் எரிவு, தோல் அரிப்பு, இழுப்பு. எமது பகுதியில் கதவு நிலைக்கு விரும்பி வாங்கப்படுகிற முதிரை மரத்தின் தூசி சிலருக்குத் தோலில் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட விடயம். எம்.டி.எப். பலகையில் மரத்தூளோடு போமல்டிஹைட் கலந்த பசையும் இருக்கிறது. அதைத் தேய்க்கும்போது இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஒரு நாள் ஒரு கதவு தேய்த்தவருக்குப் புற்றுநோய் வந்துவிடாது. நாளாந்தம் அதே வேலையில் நிற்கிறவருக்குத்தான் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

‘இதையெல்லாம் பார்த்தால் வேலை சுணங்கும்’

இந்தப் பதிலைத்தான் எல்லா இடத்திலும் கேட்கிறோம். உண்மை நேர்மாறானது. மரம் நன்றாக வருவதற்கு என்னென்ன செய்ய வேண்டுமோ, அவற்றில் பெரும்பாலானவை தூசியைக் குறைப்பதற்கும் செய்ய வேண்டியவைதான். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஒன்று: பேப்பரில் இருக்கிற ஓட்டைகள் மெசின் தட்டில் இருக்கிற ஓட்டைகளுக்கு நேராக இருக்க வேண்டும். அந்த ஓட்டைகள் வழியாகத்தான் தூசி உறிஞ்சப்பட்டுப் பைக்குள் போகிறது. அவசரத்தில் கோணலாக ஒட்டினால் பாதித் தூசி மரத்துக்கும் பேப்பருக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும். மீதி முகத்துக்கு வரும்.

இரண்டு: பை அரைவாசி நிரம்பும் முன்னரே வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிடுங்கள். நிரம்பிய பை உறிஞ்சாது. வக்யூம் கிளீனர் இருந்தால் பையைக் கழற்றிவிட்டு அதன் குழாயை மாட்டுவது எல்லாவற்றிலும் சிறந்தது. வக்யூமுக்குள் நைசான தூசியைப் பிடிக்கிற வடிகட்டி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கத்தால் உறிஞ்சி மறுபக்கத்தால் ஊதிவிடும்.

மூன்று: மெசினை அழுத்த வேண்டாம். அதன் சொந்தப் பாரமும் கையின் இலேசான பாரமும் போதும். இந்த மெசினின் தட்டு சுழன்றுகொண்டே சிறிதாக அதிரவும் செய்கிறது. அதனால்தான் கீறல் ஒரே கோட்டில் விழாமல் மறைந்துபோகிறது. அழுத்தினால் சுழற்சி நின்று அதிர்வு மட்டும் மிஞ்சும். வேலை வேகமாகாது, மரத்தில் சுருள் சுருளாகக் கீறல் விழும். பொலிஷ் அடித்த பிறகுதான் அந்தச் சுருள்கள் வெளிச்சத்தில் தெரியும். அதை எடுப்பதற்கு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நான்கு: மெதுவாக நகர்த்துங்கள். ஒரு செக்கனுக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில், ஒரு பாதைக்கு மேல் அரைவாசி அடுத்த பாதை வருகிற மாதிரி. தட்டு எப்போதும் மரத்தில் முழுவதும் தட்டையாக இருக்க வேண்டும். ஒரு பிடிவாதமான கறையை எடுக்கிறோம் என்று விளிம்பைச் சாய்த்துத் தேய்த்தால் அந்த இடத்தில் பள்ளம் விழும். பிளைவுட் என்றால் மேல்தோல் கிழிந்து அடுத்த அடுக்கு தெரிந்துவிடும்.

ஐந்து: பேப்பரின் இலக்கத்தைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். கரடுமுரடான பலகைக்கு 80இல் தொடங்கி, 120க்குப் போய், 180இல் முடியுங்கள். பெயின்ட் அடிக்கப்போகிற பலகைக்கு 120 அல்லது 150 போதும். 80இலிருந்து நேராக 180க்குப் போனால் பழைய கீறல் போகாது, அதைப் போக்குவதற்காகவே நீண்ட நேரம் தேய்த்து வீண் தூசி எழுப்புவோம். ஒவ்வோர் இலக்கத்துக்கு முன்னும் பலகையில் பென்சிலால் இலேசாக வளைந்து வளைந்து கோடு போடுங்கள். கோடு மறைந்தால் அந்த இலக்கத்தின் வேலை முடிந்தது. பாடசாலைப் பிள்ளைக்கும் விளங்குகிற அளவுகோல் இது.

ஆறு: தேய்ந்த பேப்பரைத் தூக்கி எறியுங்கள். சிக்கனம் என்று நினைத்து ஒரே பேப்பரை நாள் முழுக்கப் பாவித்தால் மரம் தேய்வதைவிடச் சூடாவதுதான் அதிகம். கடைசியாக, மெசின் வேலை முடிந்ததும் அதே இலக்கப் பேப்பரைக் கையில் எடுத்து மரத்தின் ஓட்டத்தோடு இரண்டு தடவை தேய்த்துவிடுங்கள். பழைய ஓடாவிமாரின் கைநேர்த்தி அங்கேதான் தெரியும். மெசின் வந்ததால் அது இல்லாமல் போகத் தேவையில்லை.

இதில் வேலையைச் சுணக்குகிற விடயம் எது? ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை தேய்க்க வேண்டிய தேவைதான் இல்லாமல் போகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாண்டர் இல்லை என்பதற்காகக் கிரைண்டரில் சாண்ட் பேப்பர் தட்டைப் போட்டுத் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. சின்னக் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். அதற்குத் தூசிப் பையும் கிடையாது. மரத்தைக் கவ்வினால் கையைவிட்டுப் பாயும். பழகாத பொடியன்களின் கையில் அதைக் கொடுக்கவே கூடாது.

பாடசாலை மேசையும் பழைய பெயின்டும்

ஆசிரியர்களாக எங்களுக்கு ஆகப் பெரிய கவலை இதுதான். புதிய பலகையைத் தேய்ப்பது ஒன்று, பல வருடப் பெயின்ட் ஏறிய மேசையைத் தேய்ப்பது வேறு.

பழைய எனாமல் பெயின்டுகளில் ஈயம் கலந்திருக்கலாம். மஞ்சள், சிவப்பு, பச்சை போன்ற பளிச்சென்ற நிறங்களுக்கும் விரைவாகக் காய்வதற்கும் ஈயச் சேர்மங்களைப் பாவித்தார்கள். எமது நாட்டில் பெயின்டில் உள்ள ஈயத்தின் அளவுக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அதற்கு முன்னர் அடித்த பெயின்ட் எத்தனை வகுப்பறைகளில், எத்தனை ஜன்னல்களில், எத்தனை வீட்டுக் கதவுகளில் இன்னும் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஈயம் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் வயது தெரியாத பழைய பெயின்டை, ஈயம் இருக்கிற பெயின்டாக நினைத்தே கையாள வேண்டும்.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது ஆகக் கூடுதலாகப் பாதிப்பது சிறு பிள்ளைகளை, அதிலும் மூளை வளர்ச்சியை. படிப்பில் கவனம் குறைவதும் அதன் விளைவுகளில் ஒன்று. பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும் என்று மேசையைப் புதுப்பிக்கப்போய், அந்த வேலையிலேயே படிப்புக்குக் கேடு செய்யக்கூடாது.

ஆகவே எமது நிலைப்பாடு இது. பழைய பெயின்ட் உள்ள தளபாடத்தை வகுப்பறைக்குள் சாண்டரால் உலர்வாகத் தேய்க்கக் கூடாது. சிரமதானம் என்ற பெயரில் மாணவர்களை அந்த இடத்தில் நிறுத்தவும் கூடாது. பெயின்ட் நன்றாகப் பிடித்திருந்தால் அதை முழுதாக எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. கழுவிக் காயவைத்து, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துக் கையால் இலேசாகத் தேய்த்து, அதன் மேலேயே புதிய பெயின்ட் அடிக்கலாம். உரிந்த இடங்களையும் அப்படியே ஈரத்தோடு தேய்க்க வேண்டும். கீழே ஒரு பொலித்தீன் விரித்து, விழுந்த சேற்றை அதோடு சேர்த்துச் சுற்றிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். கிணற்றடியிலோ விளையாட்டு மைதானத்திலோ கொட்டாதீர்கள். ஈரத் தேய்ப்பு கைக்கு மட்டும்தான். மின்சார மெசினை ஈரமான பலகையில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

இந்த வேலை செய்த வாப்பாமார் வீட்டுக்குப் போனதும் உடுப்பை மாற்றி, கை முகம் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துக் கழுவவும் வேண்டாம்.

முகக்கவசமும் தாடியும்

கொரோனாக் காலத்தில் வாங்கிய நீல நிற முகக்கவசம் இந்தத் தூசிக்குப் போதாது. ஓரங்களால் காற்று புகுந்துவிடும். துணியைக் கட்டுவதும் அப்படித்தான். என்95 அல்லது அதற்குச் சமமான முகக்கவசம் வேண்டும். இரண்டு நாடாவையும் போட்டு, மூக்குக் கம்பியை அழுத்தி, கையால் மூடி ஊதிப் பார்க்க வேண்டும். ஓரத்தால் காற்று வந்தால் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

இதில் எமது ஊருக்கென்றே ஒரு விடயம் இருக்கிறது. யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. தாடி உள்ளவருக்கு இந்த முகக்கவசம் முகத்தோடு இறுகப் பொருந்தாது. தாடியை எடுங்கள் என்று நாம் சொல்லப்போவதில்லை. தாடி வைத்தவருக்கு முகக்கவசம் மட்டும் போதாது என்பதைத்தான் சொல்கிறோம். அவர் வக்யூம் மாட்டிய மெசினைப் பாவிக்க வேண்டும், திறந்த வெளியில் காற்று முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி நிற்க வேண்டும், இயலுமான வேலைகளை ஈரமாகச் செய்ய வேண்டும். தலையை முழுவதும் மூடி, மோட்டாரால் வடிகட்டிய காற்றை ஊதுகிற கவசங்களும் இருக்கின்றன. விலை கூடியவை. ஆனால் நாளாந்தம் அதே வேலையில் நிற்கிற பட்டறைக்கு ஒன்று வாங்கி வைப்பது வீண்செலவல்ல.

கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்கு அடைப்பானும் வேண்டும். கை விறைக்காமல் இருக்க அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மெசினைக் கீழே வையுங்கள்.

கரண்ட், நெருப்பு

ஐந்து அங்குலச் சாண்டர் எடுப்பது 200 முதல் 300 வாட் வரைதான். அதனால் சிலர் வயரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அடிபடுவது வாட்டால் அல்ல, தோல் உரிந்த வயரால். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பிலிருந்து மட்டும் கரண்ட் எடுங்கள். ப்ளக்கை வெட்டிவிட்டு வயர் முனையை நேராகச் சொக்கட்டுக்குள் செருகுகிற பழக்கத்தை எங்கே கண்டாலும் நிறுத்துங்கள். பேப்பர் மாற்றும்போது சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது, ப்ளக்கைக் கழற்றுங்கள்.

தேய்க்கும் முன் ஆணித் தலைகளைத் தேடிப் பிடுங்குங்கள் அல்லது உள்ளே அடித்துவிடுங்கள். ஆணியில் பட்டுப் பறக்கிற பொறி, பைக்குள் இருக்கிற வார்னிஷ் தூசியோடு சேர்ந்தால் உள்ளேயே புகையத் தொடங்கலாம். இரவில் நிரம்பிய பையோடு மெசினைப் பட்டறையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

உடுப்பில் உள்ள தூசியைக் கொம்பிரசர் காற்றால் ஊதுவதும் கூடாது. ஊதிய தூசி திரும்பவும் மூக்குக்குத்தான் வரும். தரையைக் கூட்டும் முன் தண்ணீர் தெளியுங்கள்.

இனி யார் என்ன செய்வது?

‘முப்பது வருடமாகத் தேய்க்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்கிற காக்காமார் இருக்கிறார்கள். அவர்களுக்கு அல்லாஹ் ஆரோக்கியத்தைத் தரட்டும். அவர்கள் அந்த முப்பது வருடத்தில் பெரும்பகுதி கையால் தேய்த்தவர்கள். கையால் தேய்க்கும்போது எழுகிற தூசியும் மெசின் நாள் முழுக்க எழுப்புகிற தூசியும் ஒன்றல்ல. இன்றைக்கு வேலைக்கு வருகிற பொடியன் முதல் நாளிலிருந்தே மெசினோடு நிற்கிறான். அவனுடைய முப்பது வருடம் வேறு மாதிரியானது.

‘இதற்கெல்லாம் காசு எங்கே?’ என்பது நியாயமான கேள்வி. கூலிக்கு வேலை செய்கிற ஓடாவியின் தலையில் இதைச் சுமத்துவது சரியல்ல. ஒருவர் முகக்கவசமும் நல்ல பேப்பரும் வக்யூமும் சேர்த்துக் கணக்குச் சொல்வார். இன்னொருவர் ஒன்றுமில்லாமல் குறைத்துச் சொல்வார். குறைத்துச் சொன்னவருக்கே வேலை போனால், கவனமாக வேலை செய்கிறவர் பட்டறையை மூட வேண்டியதுதான். அதனால் இந்த விடயம் வேலை கொடுப்பவரின் கையில் இருக்கிறது.

வீட்டுக்காரர்களும் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் எஸ்டிமேட் கேட்கும்போது, தூசிக்கு ஒரு தனி வரி போடச் சொல்லுங்கள்: முகக்கவசம், சாண்ட் பேப்பர், வக்யூம் வாடகை. அந்த வரியில் பேரம் பேசாதீர்கள். வேலைக்கு வருகிறவரின் உடம்பும் எமது பொறுப்பில் உள்ள அமானிதம்தான்.

பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு முறையும் கூலிக்கு மெசின் எடுப்பதைவிட, நல்ல சாண்டர் ஒன்றும் அதற்குப் பொருந்துகிற வக்யூம் ஒன்றும் வாங்கி ஊருக்குப் பொதுவாக வையுங்கள். சிறிய பட்டறைக்காரர்களும் குறைந்த வாடகைக்கு எடுத்துப் பாவிக்கலாம்.

பெற்றோருக்கு: வேலைக்கமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. அதற்குக் குறைந்த பிள்ளையைப் பட்டறைக்கு அனுப்பாதீர்கள். சாதாரண தரம் முடித்த மகன் மரவேலையை விரும்பினால் சந்தோசம், அது கௌரவமான தொழில். தொழிற்பயிற்சி அதிகார சபை, நைட்டா போன்ற இடங்களில் முறையாகப் பயின்று என்.வி.கியூ. சான்றிதழும் எடுக்கட்டும். பட்டறையில் சேர்ப்பதென்றால் சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் அதே வாயால் ‘முகக்கவசம் கொடுப்பீர்களா, மெசினுக்குப் பை இருக்கிறதா?’ என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

வருகிற விடுமுறைக்கான வேலைகளுக்கு இப்போதே கூட்டங்கள் நடக்கின்றன. உங்கள் சங்கத்துக்கு எஸ்டிமேட் வந்தால் புரட்டிப் பாருங்கள். பலகை, ஆணி, பெயின்ட், கூலி என்று எல்லாம் இருக்கும். தூசிக்கு வரி இல்லையென்றால், எழுதிச் சேர்த்த பிறகு கையொப்பம் வையுங்கள்.